பழைய சிஎக்ஸ்-5 டர்போ: எந்த வின்டர் டயர்? பெட்ரோல் 87-ஆ, 91-ஆ?

குமரன்_கிச்சனர்
அனைவருக்கும் வணக்கம். இரண்டு கேள்வி, இரண்டும் ஒரே வண்டியைப் பற்றி.

போன மாதம் 2019 மாஸ்டா சிஎக்ஸ்-5 ஒன்றை யூஸ்டாக வாங்கினேன். 2.5 லிட்டர் டர்போ, ஏ.டபிள்யூ.டி. (நான்கு சக்கர இழுவை), 19 இஞ்ச் அலாய் ரிம். விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, "பெட்ரோல் எப்பவும் 91 ஆக்டேன்தான் போட்டேன், டர்போ வண்டி, நீங்களும் அதையே போடுங்க" என்றார். மேனுவலைப் புரட்டினால் 87 போதும் என்று இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

அடுத்தது டயர். இப்போது மாட்டியிருப்பது ஆல் சீசன். பக்கவாட்டில் எம்+எஸ் என்று இருக்கிறது. மட் அண்ட் ஸ்னோ என்றால் பனிக்கும் சேர்த்துத்தானே? வாரத்தில் சில நாள் 401 நெடுஞ்சாலையில் மிசிசாகா போய் வரவேண்டும், லீவு விட்டால் பாரி பக்கம் மச்சினன் வீடு. போன குளிர்காலம் பஸ்ஸிலேயே ஓடிவிட்டது, பனியில் ஓட்டிய பழக்கம் கிடையாது. புது வின்டர் செட்டுக்கு ரிம்மோடு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்கிறார்கள். கார் வாங்கிய கையோடு அது கொஞ்சம் கடிக்கிறது.

மெதுவாபோங்க
ஏ.டபிள்யூ.டி. வாங்கிவிட்டு எதற்கு வின்டர் டயர்? நான் பல வருடமாக ஆல் சீசனில்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. டயர் கடைக்காரன் பிழைக்க வேண்டாமா என்று நினைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் பனி பெய்கிற அன்று மெதுவாகப் போங்கள், போதும்.

கராஜ்தம்பி_ஸ்காபரோ
மெதுவாபோங்க அண்ணை, கோவிக்காதேங்கோ. அந்தக் கதையை நம்பின ஆக்களின் காரைத்தான் நாங்கள் ஒவ்வொரு டிசம்பரும் திருத்துகிறோம்.

ஏ.டபிள்யூ.டி. என்ன செய்யும்? எஞ்சினின் இழுவையை நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும். சிவப்பு லைட் பச்சையாக மாறினவுடன் மற்றவன் சில்லு சுத்திக்கொண்டு நிற்க, நீங்கள் போய்விடுவீர்கள். அவ்வளவுதான் அதன் வேலை. பிரேக் அடிக்கும்போது ஏ.டபிள்யூ.டி. ஒன்றும் செய்யாது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. வளைவில் திரும்பும்போதும் பிடிக்க வேண்டியது ரயர். 400 நெடுஞ்சாலையில் பாரிக்குப் போகிற வழியில், ஜோர்ஜியன் வளைகுடாப் பக்கமிருந்து திடீரென்று பனிக்காற்று அடித்த நாளில் பள்ளத்துக்குள் கிடக்கிறதைப் பாருங்கோ. பாதி எஸ்.யூ.வி.தான். சுலபமாகக் கிளம்ப முடிந்ததால் சுலபமாக நிற்பாட்டலாம் என்று நம்பிப் போனவர்கள்.

குமரன் தம்பி, எம்+எஸ் என்பது ரயரின் பூவுக்கு (றோட்டில் படுகிற பக்கத்து வெட்டுகளுக்கு) இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை வைத்துக் கொடுக்கிற பேர். பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிறதில்லை. நீங்கள் தேட வேண்டியது மூன்று சிகரமுள்ள மலை, அதன் நடுவில் ஒரு பனிப்பூ. 1999-இல் வந்த அடையாளம். அது இருந்தால் இறுகின பனியில் சோதித்து, ஒரு நியம ரயரைவிட 10 வீதமாவது கூடப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மற்றது ரப்பர். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகப் போக ஆல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும். அதற்குப் பனியே பெய்ய வேண்டாம். ஜனவரியில் விடியப்புறம் மைனஸ் 15-இல் காய்ந்த றோட்டில்கூட உங்களுக்குப் பிடி குறைவு. வின்டர் ரயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பூவில் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக ஓடும். ஐஸில் கடிக்கிறது அந்தக் கீறல்களின் விளிம்புதான்.

மொன்றியல்_அக்கா
எங்கள் பக்கம் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. கியூபெக்கில் பதிந்த கார் என்றால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த மலைப் பனிப்பூ அடையாளம் உள்ள ரயர் கட்டாயம். பிடிபட்டால் 200 முதல் 300 டொலர் தண்டம். சட்டம் 2008-இல் வந்தபோது டிசம்பர் 15-இல் தொடங்கியது, பிறகு இரண்டு கிழமை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். வெறும் எம்+எஸ் இங்கே கணக்கில் இல்லை. ஒன்ராறியோ பிளேட்டோடு கலியாண வீட்டுக்கு வருகிற உங்களைச் சட்டம் தொடாது. ஆனால் வந்து எங்கள் மேட்டுத் தெருவில் வழுக்கிக்கொண்டு நிற்காதேங்கோ.

பர்னபி_பாலா
பி.சி.யில் (பிரிட்டிஷ் கொலம்பியா) மலைப்பாதைகளுக்கு வின்டர் டயர் கட்டாயம், அக்டோபர் 1 முதல், பெரும்பாலும் ஏப்ரல் 30 வரை. இங்கே எம்+எஸ்ஸும் செல்லும், பூ ஆழம் 3.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சட்டம் விடுகிறது என்பதற்காக அதோடு கோகிஹாலா மலைச்சாலை ஏறுவீர்களா என்பது வேறு விஷயம். நான் ஏற மாட்டேன்.

குமரன்_கிச்சனர்
சரி, டயர் வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டேன். வீட்டம்மா இந்த இழையைப் படித்துவிட்டதால் வேறு வழியும் இல்லை.

மார்க்கெட்ப்ளேஸில் ஒருவர் நான்கு வின்டர் டயர், ஸ்டீல் ரிம்மோடு 300 டாலருக்குப் போட்டிருக்கிறார். 2015 டொயோட்டா ராவ்4-இல் ஓடியதாம். அளவு 225/65ஆர்17. என் வண்டியில் இருப்பது 225/55ஆர்19. கேட்டதற்கு, "சிஎக்ஸ்-5-க்கும் இதே போல்ட் பேட்டர்ன்தான், 5 x 114.3, அப்படியே மாட்டலாம்" என்கிறார். நெட்டில் பார்த்தேன், அந்த எண் (ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டம் 114.3 மி.மீ.) சரியாகத்தான் இருக்கிறது. டயரில் செய்த தேதியைச் சொல்லும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4117. போட்டோவில் பூ நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. நாளைக்குப் போய் எடுத்துவிடட்டுமா?

கராஜ்தம்பி_ஸ்காபரோ
காசை அனுப்பிவிடாதேங்கோ, தம்பி.

போல்ட் பேட்டர்ன் பொருந்தும், அது உண்மை. ரிம்மின் நடு ஓட்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மாஸ்டாவின் ஹப், அதாவது ரிம் போய் உட்காருகிற நடு மேடு, 67.1 மி.மீ. அந்த ராவ்4 ரிம்மின் ஓட்டை 60.1 மி.மீ. ஏழு மில்லிமீற்றர் சின்னது. ஐந்து போல்டும் ஓட்டைக்கு நேரே வந்து நிற்கும், ரிம் மட்டும் ஹப்பில் முட்டிக்கொண்டு உள்ளுக்குப் போகாது. 300 டொலரும் குடுத்து, வீட்டு வாசலில் ஜாக் அடித்துத் தூக்கின பிறகுதான் அது தெரியவரும். ஹொண்டா சிஆர்வி ரிம்மும் அப்படித்தான், 64.1. நிசான் 66.1. ஒரு மில்லிமீற்றர்தானே என்று சுத்தியலை எடுக்க வேண்டாம். ஹியுண்டாய், கியாவில் 5 x 114.3 வருகிற ரிம்களில் நடு ஓட்டை 67.1 இருக்கும், அதுகள் பொருந்தலாம், ஆஃப்செட்டையும் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்கிற அளவு) பார்க்க வேணும்.

இனி ரயர். 4117 என்றால் 2017-ஆம் ஆண்டின் 41-ஆவது கிழமை செய்தது. வின்டர் ரப்பரின் முழுப் பெறுமதியும் அதன் மென்மைதான், அது வயது போகப் போக இறுகும், பூ மிச்சம் இருந்தாலும். படத்தைப் பார்த்துப் பூவை அளக்கவும் ஏலாது. ஐந்தாறு டொலருக்கு ஆழம் பார்க்கிற கருவி விற்கிறது, அதைக் கொண்டுபோய் ரயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று குத்திப் பாருங்கோ. புது வின்டர் ரயர் 8, 9 மி.மீ. அளவில் வரும். ஒன்ராறியோவில் சட்டம் 1.5 வரைக்கும் விடும், ஆனால் 4 மி.மீ.க்குக் கீழே போன வின்டர் ரயரை நம்பி நான் பனிக்குள் இறங்க மாட்டேன். சேறுபோல கிடக்கிற பனியைப் பூவுக்குள் வாங்கித் துப்ப இடம் இருக்காது.

சின்னராசா
ரிம்முக்கு நடுவில் போடுகிற பிளாஸ்ரிக் வளையம் விற்கிறார்களே, அதைப் போட்டால் ராவ்4 ரிம் ஏறாதா?

கராஜ்தம்பி_ஸ்காபரோ
அண்ணை, வளையம் ஓட்டை பெரிசாக இருந்தால் இடைவெளியை நிரப்பத்தான். ஓட்டை சின்னதாக இருக்கிற இடத்தில் வளையத்தை எங்கே போடுறது?

வாட்டர்லூ_கணக்கு
அளவைப் பற்றி ஒன்று. விற்பவர் சொன்ன 225/65ஆர்17 என்ற அளவு நல்ல அளவுதான், ரிம்தான் கோளாறு. கணக்குப் பாருங்கள். 19 இஞ்ச் டயரின் மொத்த விட்டம் சுமார் 730 மி.மீ., 17 இஞ்ச் டயருடையது 724. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஸ்பீடோமீட்டர் அநேகமாக அப்படியே இருக்கும். 17 இஞ்சில் டயர் விலை கணிசமாகக் குறையும், பக்கவாட்டு ரப்பர் உயரம் கூடுவதால் மார்ச் மாதத்துக் குழிகளில் விழுந்தால் ரிம் வளையும் வாய்ப்பும் குறையும். 225/65ஆர்17-இல் சுமை எண் (டயர் தாங்கும் எடையைச் சொல்வது) பெரும்பாலும் 102, உங்கள் பழையது 99, ஆக அதிலும் குறைவில்லை.

டர்போ என்பதால் ஓர் எச்சரிக்கை: சாதாரண 2.5-ஐவிட டர்போவுக்கு முன்பக்க பிரேக் டிஸ்க் பெரியது. எல்லா 17 இஞ்ச் ரிம்மும் காலிப்பரை (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பாகம்) தொடாமல் சுற்றும் என்று நினைக்க வேண்டாம். வாங்குகிற கடையிலேயே டயர் ஏற்றாத ஒரு ரிம்மை முன்பக்கம் மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். உரசினால் 18 இஞ்சுக்குப் போக வேண்டியதுதான்.

பெட்ரோல் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அதற்கு இரவு வருகிறேன்.

சின்னராசா
பெற்றோல் கதை வந்ததால் எனக்கும் நெடுநாள் சந்தேகம். ஊரில் 92 ஒக்ரேன், 95 ஒக்ரேன் என்று இரண்டு வகை. 92 அடிப்பதே வசதி குறைந்தவன் அடிக்கிறது என்ற நினைப்பு. இங்கே வந்தால் 87 என்று பம்பில் எழுதியிருக்கிறது. கனடாக்காரன் எங்களுக்குத் தரம் குறைந்த பெற்றோலையா விற்கிறான்? இதனால் நான் என் கொறோலாவுக்கு எப்போதும் 91 அடிக்கிறேன்.

வாட்டர்லூ_கணக்கு
சின்னராசா ஐயா, உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

இலங்கையிலும் இந்தியாவிலும் பம்பில் எழுதுவது ரான் என்ற ஆய்வக எண். வட அமெரிக்காவில் எழுதுவது ரான், மான் என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரி. மான் சோதனை கடினமானது, அதனால் அந்த எண் எப்போதும் குறைவாக வரும், சராசரியும் இறங்கும். இங்கேயுள்ள 87 என்பது உங்கள் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 91, 92. இங்கேயுள்ள 91 அங்கே 95, 96. ஆக, நீங்கள் ஊரில் அடித்த 92-ம் இங்கேயுள்ள 87-ம் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் கொறோலா 91-ஆல் எந்தப் பலனும் அடையவில்லை. அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு கொத்துரொட்டி சாப்பிடலாம்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சுத்தத்தையோ சக்தியையோ சொல்வதில்லை. அழுத்தத்தைத் தாங்கி, தீப்பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கும் திறன், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெருக்கப்பட்டுச் சூடாகின்றன. ஸ்பார்க் பிளக் கொளுத்திய தீ பரவிக்கொண்டிருக்கும்போதே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். டர்போ காற்றை இன்னும் திணிக்கிறது, அதனால் நாக்கிங் அபாயம் கூடுதல். "டர்போ என்றால் 91" என்ற பேச்சு வந்தது இதனால்தான், அது வெறும் கட்டுக்கதை இல்லை.

ஆனால் குமரனின் எஞ்சின் 87-ஐ மனதில் வைத்தே செய்யப்பட்டது. மாஸ்டாவே இரண்டு எண் கொடுத்தது: 93 ஆக்டேனில் 250 குதிரைத்திறன், 87-இல் 227. இழுவிசை 2,000 ஆர்.பி.எம்.மில் 310 பவுண்ட்-அடி, எதைப் போட்டாலும். 87 போட்டுவிட்டு ஆக்சிலேட்டரை ஆழமாக மிதித்தால் நாக் சென்சர் கவனித்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைச் சற்றுப் பின்தள்ளும், உச்சியில் அந்த 23 குதிரை கிடைக்காது. எஞ்சினுக்குக் கேடு எதுவும் இல்லை. அந்த 23 குதிரையும் ஆர்.பி.எம். முள் உயர ஏறும்போதுதான் வெளியே வரும். 401-இல் மில்டன் அருகே வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வராது.

இன்னொன்று, நாக்கிங் சூட்டில் கூடும், குளிரில் குறையும். ஜனவரியில் எஞ்சினுக்குள் போகிற காற்று ஐஸ் மாதிரி இருக்கும். வின்டர் வந்துவிட்டது, 91-க்கு மாறுவோம் என்று யாராவது சொன்னால் தலைகீழாகச் சொல்கிறார்கள். 91 போட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஜூலையில், வண்டி நிறைய ஆட்களோடு, பின்னால் ட்ரெய்லரும் இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது போடுங்கள்.

இப்போது பணம். வருடத்துக்கு 20,000 கி.மீ. என்று வையுங்கள், இந்த வண்டி 100 கி.மீ.க்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். 2,000 லிட்டர். 87-க்கும் 91-க்கும் லிட்டருக்கு 20 சென்ட் வித்தியாசம் என்றே குறைத்துப் போட்டாலும் 400 டாலர். உங்கள் பம்பில் வித்தியாசம் அதைவிடக் கூடவே இருக்கும். முன்பு வைத்திருந்தவர் அந்த 400-ஐ வருடாவருடம் எரித்துவிட்டு, ஜனவரியில் ஆல் சீசனில் ஓட்டியிருக்கிறார். அந்தப் பணத்தை டயரில் போட்டிருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் ரிம்மோடு ஒரு செட் வந்திருக்கும். டயருக்குக் காசு கடிக்கிறது என்று கேட்டீர்களே குமரன், உங்கள் காசு பம்பில் இருக்கிறது.

பென்ஸ்_மாமா
என்னுடையது 2016 மெர்சிடிஸ் சி300. டேங்க் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பிரீமியம் மட்டும் என்று ஒட்டியிருக்கிறது. உங்கள் கணக்குப்படி நானும் 87 போட்டு மிச்சம் பிடிக்கலாமா?

வாட்டர்லூ_கணக்கு
வேண்டாம் சார். "பிரீமியம் போட்டால் நல்லது" என்பது ஒன்று, "பிரீமியம் கட்டாயம்" என்பது வேறொன்று. உங்களுடையது இரண்டாவது. சென்சர் பின்தள்ளுவதற்கும் எல்லை உண்டு. மேனுவலும் டேங்க் மூடியும் சொல்வதே கடைசி வார்த்தை, 87 போதும் என்றாலும் சரி, 91 கட்டாயம் என்றாலும் சரி. யூஸ்டு கார் வாங்குபவர்கள் விலை பேசும் முன்பே அந்த மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஸ்காபரோ_செல்வி
நடுவில் 89 என்று ஒன்று இருக்கிறதே, அது யாருக்கு? பெற்றோ-கனடாவில் 94-உம் பார்த்திருக்கிறேன்.

வாட்டர்லூ_கணக்கு
89 பெரும்பாலும் 87-ஐயும் 91-ஐயும் பம்பிலேயே கலந்து வருவது. மேனுவலில் 89 என்று குறிப்பிட்ட வண்டிகளுக்கு மட்டும். மற்றவர்கள் அதை அழுத்துவது மனத் திருப்திக்கு. 94-ஐ ட்யூன் செய்த வண்டிக்காரர்களிடம் விட்டுவிடுங்கள்.

எட்மன்டன்_ரவி
உங்கள் குளிரைக் குளிர் என்று சொல்கிறீர்கள், சரி இருக்கட்டும். இங்கே மைனஸ் 35 வந்தால் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் வயரைச் செருகாமல் படுக்க முடியாது.

கேட்க வந்தது வேறு: பெட்ரோல் பைப் உறையாமல் இருக்க ஊற்றும் சிறு பாட்டில் ஒன்று கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, குமரனுக்கு அது தேவைப்படுமா?

கராஜ்தம்பி_ஸ்காபரோ
ஒன்ராறியோவில் தேவையில்லை. இங்கே விற்கிற பெற்றோலில் எத்தனோல் சராசரியாக 10 வீதத்துக்குக் குறையக் கூடாது என்று 2020-இலேயே விதி வந்தது, 2025-இல் அதை 11 ஆக்கினார்கள். கொஞ்சம் தண்ணி டாங்குக்குள் சேர்ந்தாலும் எத்தனோல் இழுத்துக்கொள்ளும். அந்தப் போத்தலும் கிட்டத்தட்ட அதே சரக்குத்தான். டாங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதேங்கோ, உள்ளே ஈரம் படிய இடம் குறையும். பனிப்புயலில் 401 அடைபட்டு நடு றோட்டில் நிற்க நேர்ந்தாலும் ஹீட்டர் ஓடும்.

குளிர்காலத்தில் கார் கூடக் குடிக்கிறது என்று எல்லாரும் வந்து என்னட்டைக் கேட்பார்கள். எஞ்சின் சூடேற நேரம் எடுக்கிறது, எண்ணெய் தடிக்கிறது, வாசலில் நிற்பாட்டி ஓட விடுகிறீர்கள், பம்பில் வருகிற குளிர்காலப் பெற்றோலிலும் சக்தி கொஞ்சம் குறைவு. 91 அடித்து அதைச் சரிக்கட்ட ஏலாது. ரயர் காற்றைப் பாருங்கோ முதலில். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் காற்று ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். செப்டம்பரில் சரியாக அடித்த காற்று ஜனவரியில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. குறைந்து நிற்கும். சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற அளவுதான் கணக்கு, ரயரில் எழுதியிருக்கிறது ஆகக்கூடிய அளவு.

குமரன்_கிச்சனர்
பெட்ரோல் விஷயம் தெளிந்துவிட்டது. நேற்றே 87 போட்டேன், வண்டி முகம் சுளிக்கவில்லை.

இப்போது எந்த டயர் என்ற தலைவலி. ஒருவர் மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ என்கிறார், ஒருவர் பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், ஆபீஸில் ஒரு ஃபின்லாந்துக்காரர் நோக்கியன் தவிர வேறு பெயரே சொல்ல மாட்டேன் என்கிறார். இன்னொருவர் வருடம் முழுவதும் ஓட்டுகிற ஆல் வெதர் வாங்கு, மாற்றுகிற செலவே இல்லை என்கிறார். அதிலும் அந்தப் பனிப்பூ அடையாளம் இருக்கிறதாமே?

மொன்றியல்_அக்கா
ஃபின்லாந்துக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார். உலகத்திலேயே முதல் வின்டர் ரயரை 1934-இல் செய்தது அவர்கள் நாட்டு நோக்கியன்தான். நல்ல ரயர், சந்தேகமில்லை. விலையும் அதற்கேற்றபடிதான்.

என் வீட்டில் ஒரு காருக்கு எக்ஸ்-ஐஸ், மற்றதுக்குப் பிளிசாக். பிளிசாக் புதிதாக இருக்கும்போது ஐஸில் கொஞ்சம் கூடப் பிடிக்கிறது என்பது என் எண்ணம். எக்ஸ்-ஐஸ் நீண்ட காலம் உழைக்கிறது, நெடுஞ்சாலையில் சத்தமும் குறைவு. 401-இல் அவ்வளவு தூரம் ஓடுகிற உங்களுக்கு நான் என்றால் எக்ஸ்-ஐஸ்தான் சொல்வேன். அந்த விலை முடியாவிட்டால் டோயோ, ஜெனரல் ஆல்டிமாக்ஸ் ஆர்க்டிக் மாதிரி நடுத்தரத்தில் ஒன்று. புதிய நடுத்தர ரயர், பழைய உயர்தர ரயரை விட எவ்வளவோ மேல்.

வாட்டர்லூ_கணக்கு
ஆல் வெதர் பற்றி: அடையாளம் இருக்கிறது, கியூபெக்கில்கூடச் சட்டப்படி செல்லும். ஆனால் அந்த அடையாளத்துக்கான சோதனை இறுகிய பனியில் வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்ப்பது. ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஒரே ரப்பர் ஜூலை வெயிலிலும் கரையக் கூடாது, பிப்ரவரியிலும் இறுகக் கூடாது என்றால் எங்கேயோ விட்டுக்கொடுத்தாக வேண்டும். டவுன்டவுனில் இருந்துகொண்டு சனிக்கிழமை காய்கறிக்கு மட்டும் வண்டியை எடுப்பவருக்கு ஆல் வெதர் அருமையான தேர்வு. விடியற்காலை 401, லீவில் பாரி என்றால் தனி வின்டர் செட்.

மெதுவாபோங்க
சரி சரி, நானும் விலை விசாரிக்கிறேன். முன்பக்கம் இரண்டு மட்டும் மாற்றினால் என்ன? என்னுடைய இன்னொரு வண்டி முன்சக்கர இழுவைதான்.

கராஜ்தம்பி_ஸ்காபரோ
அண்ணை, அதை மட்டும் செய்யாதேங்கோ. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக்கைத் தொட்டவுடன் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும். வாங்கினால் நாலு. ஏ.டபிள்யூ.டி. காருக்கு நாலும் ஒரே மொடல், ஒரே அளவு, தேய்மானமும் ஒரே அளவாக இருக்க வேணும், இல்லாவிட்டால் டிரைவ் சிஸ்டமும் பழுதாகும்.

ஆணி வைத்த ரயர் மலிவாக வருகிறது என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கோ. தெற்கு ஒன்ராறியோக்காரர் ஆணி ரயர் ஓட்டச் சட்டம் விடாது, அது வடக்கில் இருக்கிறவர்களுக்குத்தான்.

ஸ்காபரோ_செல்வி
குமரன், இன்சூரன்ஸுக்குப் போன் பண்ணினீர்களா? 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் எல்லா வாகனக் காப்புறுதி நிறுவனங்களும் வின்டர் ரயருக்குக் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெரிய தொகை இல்லை. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். ரசீதை வைத்திருங்கோ.

ரிம்மோடு வாங்குவதுதான் லாபம் என்று நானும் சொல்வேன். ஒரே ரிம்மில் வருடம் இரண்டு தரம் ரயரைக் கழற்றி ஏற்றினால் அந்தக் கூலியே சில வருடத்தில் ஸ்டீல் ரிம்மின் விலையை எட்டும், ரயரின் விளிம்பும் அடிபடும். ரிம்மோடு இருந்தால் டிரைவ்வேயில் நாங்களே மாற்றலாம்.

குமரன்_கிச்சனர்
இன்சூரன்ஸில் கேட்டேன், கொடுக்கிறார்கள். கேட்காமல் விட்டிருந்தால் போயிருக்கும், நன்றி.

எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, 225/65ஆர்17, ஸ்டீல் ரிம்மோடு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் வெறும் ரிம் ஒன்றை முன்பக்கம் மாட்டிச் சுற்றிக் காட்டினார். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடம் இருந்தது. டயர் செய்த தேதியையும் பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன், ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் காட்டினார். வெள்ளிக்கிழமை மாட்டுகிறார்கள். அடுத்த வருடத்திலிருந்து நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கராஜ்தம்பி_ஸ்காபரோ
நட்டை அளவாக இறுக்குகிற ரோர்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கோ. உங்கள் காருக்கு மேனுவலில் 80 முதல் 108 பவுண்ட்-அடி வரை இருக்கும், ஒருக்கால் பார்த்து உறுதிப்படுத்துங்கோ. நட்டைச் சுற்றி வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காமல், நட்சத்திரம் கீறுகிற மாதிரி எதிரெதிராக இறுக்குங்கோ. ரிம் ஹப்பில் உட்காருகிற இடத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கோ, இல்லாவிட்டால் வசந்தத்தில் ரிம் கழறாது, உதைத்து உதைத்துக் கால்தான் நோகும். நட்டுக்கு எண்ணெய் பூசாதேங்கோ, ரோர்க் கணக்குப் பிழைக்கும். ரயரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னுக்குச் சுத்துகிற திசை.

கழற்றுகிற ஆல் சீசனில் எது எந்தப் பக்கம் இருந்தது என்று சோக்கால் எழுதி வையுங்கோ, வெயில் படாத இடத்தில் அடுக்குங்கோ. வெள்ளிக்கிழமை கடைக்காரர் மாட்டித் தந்தாலும் 100 கி.மீ. ஓடினதும் நட்டுகளை ஒருக்கால் இறுக்கிப் பாருங்கோ. மிசிசாகா ஒருதரம் போய் வந்தாலே அந்தத் தூரம் தாண்டிவிடும்.

குமரன்_கிச்சனர்
சரி அண்ணா, சனிக்கிழமையே பார்த்துவிடுகிறேன். ராவ்4 ரிம்காரர் இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார், 250-க்கு இறங்கிவிட்டார். யாரிடமாவது 2015 ராவ்4 இருந்து, டயர் வயதைப் பற்றிக் கவலைப்படாமல் ரிம் மட்டும் தேவை என்றால் சொல்லுங்கள், அவர் பதிவை இங்கே போடுகிறேன்.

சின்னராசா
என் மருமகனிடம் ராவ்4 இருக்கிறது, 2014. போடுங்கோ தம்பி. ரயரைக் கழற்றி எறிந்துவிட்டு ரிம்மை மட்டும் எடுப்பான். 200 என்றால் வருவான் என்று அவரிடம் சொல்லுங்கோ.